தலைகீழாக ஏறும் மோட்டார்

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கடிதம் எழுதியிருக்கிறார். 2025 பிப்ரவரி 5 அன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் எட் ஷீரன் பாடியதைக் கேட்கப் போனவர். ஏ.ஆர். ரஹ்மான் மேடையேறியதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பார் என்று பிரித்தால், அவருடைய கவலை வேறாக இருக்கிறது. சில நாள் கழித்து அந்த வழியாகப் பஸ்ஸில் போனாராம். மைதானத்தில் ஒன்றுமே இல்லையாம். "அவ்வளவு பெரிய மேடை எப்படி சார் வந்தது, எப்படிப் போனது? ஊருக்கு ஊர் புதிதாகக் கட்டுகிறார்களா? இல்லை, ஒரே மேடையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களா?"

எனக்கு மிகவும் பிடித்த வகைக் கேள்வி இது. பாடகர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் தொங்கும் விளக்குகள் ஏன் அவர்கள் தலையில் விழுவதில்லை என்று எழுதத்தான் ஆளில்லை.

பதில் சொல்ல, முழுக் கதையும் தெரிந்த ஒரு சுற்றுப்பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். மடோனா யார் என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008 ஏப்ரலில் அவருடைய 'ஹார்ட் கேண்டி' ஆல்பம் வந்தது. அதையொட்டி 'ஸ்டிக்கி அண்ட் ஸ்வீட்' என்ற உலகச் சுற்றுப்பயணம். ஐம்பதாவது பிறந்தநாள் கழிந்து சரியாக ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 23 அன்று, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் தொடங்கினார். 2009 செப்டம்பர் 2 அன்று டெல் அவிவில் முடித்தார். 85 நிகழ்ச்சிகள். ஏறக்குறைய 35 லட்சம் ரசிகர்கள். வசூல் 40 கோடி டாலருக்கு மேல். அதுவரை எந்தத் தனிப் பாடகரின் சுற்றுப்பயணமும் அவ்வளவு சம்பாதித்ததில்லை.

ஆல்பத்தை விற்பதற்காக ஊர் ஊராகப் போய்ப் பாடுவது என்பது பழைய கணக்கு. பாட்டைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் குறையக் குறைய, டிக்கெட்தான் வருமானம் என்றாகிவிட்டது. 2007-லேயே மடோனா, இசைத்தட்டு நிறுவனத்தை விட்டுவிட்டு, கச்சேரி நடத்தும் லைவ் நேஷன் நிறுவனத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டார். சுமார் 12 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. இப்படிக் காசு டிக்கெட்டில் இருக்கும்போது, பாடாத நாள் ஒவ்வொன்றும் நஷ்டம். மேடை ஓடத் தொடங்கியது அதனால்தான்.

எவ்வளவு வேகமாக ஓடியது என்று முதல் வாரத்தை மட்டும் பாருங்கள். சனிக்கிழமை கார்டிஃப். செவ்வாய்க்கிழமை பிரான்சின் தென்கோடியில் நீஸ். வியாழன் பெர்லின். அடுத்த சனி, சூரிச்சை ஒட்டிய டூபென்டார்ஃப் விமானத்தளம். கார்டிஃப்பிலிருந்து நீஸ் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது, நடுவில் கடல் வேறு. ஐரோப்பியச் சட்டப்படி ஒரு லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. லாரிக்கு இரண்டு ஓட்டுநர்களைப் போட்டாலும், ஒரு ஸ்டேடியம் மேடையின் இரும்பை அவிழ்த்து, ஏற்றி, கடல் கடந்து, இறக்கி, மறுபடி நிறுத்த அந்த இடைவெளி போதவே போதாது. இரும்பை நிறுத்த மட்டுமே பல நாள் பிடிக்கும்.

ஆகவே தம்பி, உங்கள் இரண்டு ஊகங்களும் பாதி பாதி சரி. மேடை இரண்டு வகைச் சாமான்களால் ஆனது. ஸ்பீக்கர், விளக்கு, திரை, வாத்தியம், உடை இவையெல்லாம் ஒரே ஒரு செட். பாடகரோடு கூடவே ஊர் ஊராக வரும். கூரை, தூண், தளம் என்று எடை மிகுந்த இரும்பு மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள். ஒன்றின் கீழ் இன்று பாட்டு நடக்கும்போது இன்னொன்று அடுத்த ஊரில் எழுந்துகொண்டிருக்கும். இன்றையது பிரிக்கப்பட்டதும் அடுத்த ஊரைத் தாண்டி அதற்கடுத்த ஊருக்குப் போகும். தவளைப் பாய்ச்சல் என்றே தொழிலில் இதற்குப் பெயர். யூ2 குழு 2009 முதல் 2011 வரை '360 டிகிரி' சுற்றுப்பயணத்துக்கு, நான்கு கால்களோடு சுமார் 50 மீட்டர் உயரத்தில் ராட்சத நகம் போல ஒரு மேடையைச் செய்தபோது, பெல்ஜியத்தின் ஸ்டேஜ்கோ நிறுவனம் அதையும் மூன்று பிரதிகளாகச் செய்தது. ரசிகர்கள் பார்த்தது ஒரு நகம்தான். மற்ற இரண்டும் வேறு நாடுகளில் பாதி பிரித்தும் பாதி பூட்டியும் கிடந்தன.

லாரியில் ஏற்றும் வரிசையும் ஒரு கலை. அடுத்த ஊரில் முதலில் தேவைப்படும் சாமான் கடைசியில் ஏற வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்து ரசிகர்கள் வாசலைத் தேடும்போதே பின்பக்கம் அவிழ்ப்பு தொடங்கிவிடும். ஒலியைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாடகரின் உதடு அசைந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வினாடி கழித்துத்தான் குரல் வந்து சேரும், அதைச் சமாளிக்க மைதான நடுவில் தனி ஸ்பீக்கர் கோபுரங்களை வேண்டுமென்றே தாமதப்படுத்தி ஒலிக்க விடுவார்கள். அதை இன்னொரு முறை பார்ப்போம். எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது வேறொரு சாமான்.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது 55,600 பேர் வந்திருந்தார்கள். தலைக்கு மேல் எதையும் தொங்கவிடவில்லை. இருந்த ஒலிபெருக்கிகளைக் கூட்டத்தின் கூச்சல் விழுங்கிவிட்டது. தாங்கள் பாடுவது பீட்டில்ஸுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒலியும் ஒளியும் எல்லோரையும் எட்ட வேண்டுமானால் அவை உயரத்தில் இருக்க வேண்டும் என்று தொழில் கற்றுக்கொண்டது. டன் கணக்கான எடையை ஒரே காலைப் பொழுதில் உயரத்தில் ஏற்றி, அதே இரவில் இறக்குவது எப்படி? 1970-களில் அமெரிக்கச் சுற்றுப்பயண மேடைகளில் பரவிய விடை, செயின் மோட்டார்.

என் பெரியப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். அங்கே இன்ஜினை இறக்க ஒரு செயின் பிளாக் உண்டு. உத்தரத்தில் கனமான இரும்புப் பெட்டி தொங்கும். அதன் அடியிலிருந்து சங்கிலி, நுனியில் கொக்கி. ஒருவர் கைச்சங்கிலியை இழுக்க இழுக்க, இன்ஜின் அங்குலம் அங்குலமாக எழும். பெட்டிக்குள் இருக்கும் சக்கரத்தில் சங்கிலியின் கண்ணிகள் பொருந்தி உட்காரும் அளவுக்குக் குழிகள் வெட்டியிருப்பார்கள். கண்ணி குழியில் மாட்டிக்கொள்வதால் சங்கிலி வழுக்காது. இதில் கைச்சங்கிலியை எடுத்துவிட்டு மின்மோட்டாரைப் பொருத்தினால் செயின் மோட்டார். தொழிற்சாலைகளில் இது பெரியப்பாவின் செயின் பிளாக் போலவே பெட்டி மேலே, கொக்கி கீழே என்று தொங்கும்.

கச்சேரி மேடையில் இதைக் கவிழ்த்துவிட்டார்கள். கொக்கி மேலே, பெட்டி கீழே.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சங்கிலியின் நுனி உயரத்தில் உள்ள உத்தரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. பெட்டி தரையில், விளக்குகள் பூட்டிய சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தை இவர்கள் டிரஸ் என்பார்கள். பட்டனை அழுத்தினால் பெட்டி தன் சங்கிலியைத் தானே விழுங்கிக்கொண்டு, டிரஸ்ஸையும் விளக்குகளையும் சுமந்தபடி மேலே ஏறுகிறது. விழுங்கிய சங்கிலி, பக்கத்தில் கட்டியிருக்கும் துணிப் பையில் சலசலவென்று சேர்கிறது. நிமிடத்துக்குச் சுமார் ஐந்து மீட்டர் வேகம். இருபது முப்பது மோட்டார்கள் ஒரே சமயத்தில் இப்படி ஏறுவதைக் காணொளியிலாவது ஒரு முறை பாருங்கள். பாட்டைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஏன் கவிழ்த்தார்கள்? ஒரு டன் தூக்கும் மோட்டாரின் எடை ஐம்பது கிலோவை ஒட்டி வரும். அப்படி அறுபது, எழுபது மோட்டார்களைத் தினமும் கூரைவரை சுமந்து கட்டி, இரவில் இறக்கி மாளாது. கவிழ்த்துவிட்டால், கூரையில் உட்கார்ந்திருக்கும் ரிக்கர், அதாவது சாமான்களைத் தொங்கவிடும் தொழிலாளி, ஒரு கயிற்றை இறக்கி, சங்கிலியின் நுனியை மட்டும் மேலே இழுத்துக்கொள்ளலாம். மோட்டார் பழுதானால் தரையிலேயே மாற்றலாம். விலை ஒன்றுதான்: மோட்டார் விளக்கோடு தன் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது நம் ஊரில் யாரும் கேட்கும் முதல் கேள்வி. ஒன்றும் ஆகாது. இதில் பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பது ஒரு சுருள்வில். அதை விலக்குவதுதான் மின்சாரத்தின் வேலை. கரண்ட் நின்ற கணமே வில் பிரேக்கைக் கவ்விக்கொள்ளும். சுமை இருந்த இடத்தில் நிற்கும்.

இனி வருவது என்னை நெடுநாள் உறங்கவிடாத கணக்கு. நேரான ஒரு டிரஸ். நீளம் முழுவதும் ஒரே சீராக விளக்குகள். மொத்த எடை 1,600 கிலோ. இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று, சரியாக நடுவில் ஒன்று என மூன்று மோட்டார்கள் தூக்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை? யாரைக் கேட்டாலும் 1,600-ஐ மூன்றால் வகுப்பார்கள். உண்மையில் நடு மோட்டாருக்கு 1,000 கிலோ, முனைகளுக்குத் தலா 300 கிலோ. எட்டில் ஐந்து பங்கு நடுவில் போய் உட்காருகிறது. ஒரு டன் மோட்டார் மூன்று போட்டிருக்கிறோம், மூன்று டன் தாங்கும் என்று தெம்பாக இருப்பவர், நடு மோட்டாரை அதன் எல்லையில் நிறுத்திவைத்திருக்கிறார். இது கூட மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரைதான். நடு மோட்டார் சற்று முந்தி ஏறினால் முனைச் சங்கிலிகள் தளர்ந்து, முழுச் சுமையும் நடுவுக்குப் போகும். பிந்தினால் முனைகள் இரண்டும் தலா 800 கிலோ சுமக்கும். மோட்டார்களுக்கு நடுவே சுமை இப்படிச் சத்தமில்லாமல் கைமாறுவது கண்ணுக்குத் தெரியாது. சட்டம் நேராகத்தான் தெரியும். அதனால்தான் நல்ல குழுவினர் ஒவ்வொரு தொங்கலிலும் எடை காட்டும் கருவியை மாட்டி, திரையில் பார்த்துக்கொண்டே ஏற்றுகிறார்கள்.

தொங்கவிடும் இடத்துக்கு நேர் மேலே உத்தரம் இல்லையென்றால் அக்கம்பக்கத்து உத்தரங்கள் இரண்டிலிருந்து இரும்புக் கயிறுகளை இறக்கி, நடுவில் சேர்த்து, அங்கே சங்கிலியை மாட்டுவார்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கயிறுகளுக்கும் நடுவே கோணம் 120 டிகிரி ஆகிவிட்டால், கயிறு ஒவ்வொன்றும் பாதிச் சுமையைத் தாங்காது. முழுச் சுமையையும் தாங்கும். அதற்கு மேல் விரிந்தால் சுமையைவிட அதிகம். நம் பிளஸ் ஒன் இயற்பியலில் விசைகளைப் பகுத்துப் போட்டிருப்போமே, அதே கணக்கு. காலையில் சாக்குக்கட்டியோடு வெறுந்தரையில் குனிந்து குறி போட்டுக்கொண்டிருக்கும் ரிக்கர் மனக்கணக்காக அதைத்தான் போடுகிறார்.

திறந்த ஸ்டேடியத்தில் நிலைமை இன்னும் கடினம். கொக்கி மாட்ட அங்கே கூரையே கிடையாது. முதலில் கூரையைக் கட்டித் தூக்க வேண்டும், பிறகுதான் அதிலிருந்து தொங்கவிட முடியும்.

2009 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை, பிரான்சின் மார்செய் நகரில் வெலோட்ரோம் ஸ்டேடியத்தில் மடோனா பாடுவதாக இருந்தது. மூன்று நாள் முன்பு, 16-ஆம் தேதி வியாழன் மாலை, அங்கே மேடையின் கூரையைக் கிரேன்கள் தூக்கிக்கொண்டிருந்தன. கூரை சமநிலை தவறிச் சரிந்தது. ஒரு கிரேனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள். ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் பிரிட்டிஷ்காரர். பலர் காயமடைந்தார்கள்.

அன்று மாலை மடோனா எங்கே இருந்தார்? இத்தாலியின் உடினே நகரில், இன்னொரு கூரையின் கீழ், நிகழ்ச்சியில். தவளைப் பாய்ச்சல் என்று மேலே சொன்னேனே, அதன் பொருள் இதுதான். உடினே மேடையிலேயே இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தினார். பிறகு மார்செய்க்கும் போய்க் குடும்பத்தாரைச் சந்தித்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். மார்செய் நிகழ்ச்சி ரத்தானது. 21-ஆம் தேதி பார்சிலோனா நிகழ்ச்சி நடந்தது. வழக்கு முடிந்து நிறுவனங்களுக்கு அபராதமும் சிலருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் விதித்துத் தீர்ப்பு வந்தது 2021-ல். பன்னிரண்டு ஆண்டு.

மார்செய் விபத்து நடந்து இரண்டே ஆண்டு கழித்து, 2011 ஆகஸ்ட் 13 அன்று, அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில் வேறொரு குழுவின் நிகழ்ச்சி தொடங்கும் முன் காற்றடித்து மேடைக் கூரை கூட்டத்தின் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். கூரையை இழுத்துப் பிடித்திருந்த கம்பிகளைக் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளில் கட்டியிருந்தார்கள். காற்று வந்ததும் கட்டைகள் தரையில் வழுக்கிக்கொண்டு போயின. கம்பி அறுந்ததா என்று எல்லோரும் பார்ப்பார்கள், கட்டை நகருமா என்று எத்தனை பேர் பார்ப்பார்கள்?

எனக்கு இந்தத் தொழிலில் ஒரு மனத்தாங்கல் உண்டு. டிக்கெட் விலை ஏறுகிறது, திரை அகலமாகிறது, விளக்குகள் கூடுகின்றன. கூடும் ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒரு ரிக்கரின் தலைக்கு மேல்தான் போகிறது. ஆனால் அவருக்குக் கிடைக்கும் நேரம் மட்டும் கூடுவதில்லை. பாடாத நாள் நஷ்டம் என்ற கணக்கு கடைசியில் வந்து நிற்பது இரவு இரண்டு மணிக்கு ஹெல்மெட்டோடு உத்தரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம். மேடையில் ஆடுகிறவர்களின் பெயர்களை நிகழ்ச்சிப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். உத்தரத்தில் ஏறுகிறவர்களின் பெயர் நமக்குத் தெரிய வருவது விபத்துச் செய்தியில்தான்.

அவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மார்செயில் ஒரு வழக்காவது நடந்தது. நம் கோயில் திருவிழாவிலும் கல்லூரி ஆண்டு விழாவிலும் எல்.இ.டி. திரையை நிறுத்தும் பையன் இடுப்பில் பெல்ட் இல்லாமல் இரும்புக் குழாயில் ஏறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு 'கெட்டிக்காரப் பையன்' என்று சொல்லியும் இருக்கிறோம். செயின் பிளாக்கும் தெரியும் அவனுக்கு, முடிச்சும் தெரியும். எட்டில் ஐந்து பங்கு நடுவில் போகும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஐ.டி.ஐ.க்களில் எத்தனையோ தொழில்கள் கற்றுத் தருகிறார்கள். மேடை ரிக்கிங்கையும் ஒரு பாடமாக வைத்தால் அந்தப் பையனுக்குச் சான்றிதழும் கிடைக்கும், கூலியும் ஏறும்.

கடிதம் எழுதிய தம்பிக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் கல்லூரி விழாக் குழுவில் நண்பர்கள் இருப்பார்கள். இந்த ஆண்டு மேடை போட வருகிறவரிடம் மூன்று விஷயங்களை எழுதி வாங்கச் சொல்லுங்கள்: மேலே மொத்தம் எத்தனை கிலோ தொங்குகிறது, ஒவ்வொரு தொங்கலுக்கும் எவ்வளவு, காற்று எந்த வேகத்தைத் தொட்டால் எல்லாவற்றையும் இறக்குவார்கள். ஏறுகிறவருக்குப் பெல்ட் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். எழுதித் தர மறுப்பவருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.